எஸ்டிடி, எல்டிடி (குறுகிய கால, நீண்ட கால இயலாமைக் காப்பீடு) பணத்துக்கு வரி: பிரீமியம் கட்டினது யார், எந்தக் காசில்?

பகுதி: யு.எஸ். பேரோல், சென்னை

சிறுசேரி_ஷிஃப்ட்2:
வணக்கம். டெக்சாஸ் கிளையன்ட், 180 ஊழியர்கள். எஸ்டிடி பிரீமியத்தில் ஒரு பங்கைக் கம்பெனி கட்டுகிறது, மீதியை ஊழியர் சம்பளத்திலிருந்து வரி பிடித்த பிறகு பிடிக்கிறார்கள். எல்டிடி முழுக்கக் கம்பெனி கணக்கு. ஒரு ஊழியர் முதுகுத்தண்டு ஆபரேஷனுக்காக எட்டு வாரம் வேலைக்கு வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வாரம் 900 டாலர் கொடுத்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய நோட்டீஸில் வாரத்துக்கு 540 டாலர் வரிக்குரியது என்று இருக்கிறது. கிளையன்ட் பக்க எச்ஆர் மேடம், "இது க்ளெய்ம் பணம்தானே, சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று மெயில் போட்டுவிட்டார். 540 எப்படி வந்தது, 941-ல் (காலாண்டு சம்பள வரிப் படிவம்) எங்கே போகும், டபிள்யூ-2 (ஊழியரின் ஆண்டுச் சம்பள அறிக்கை) யார் தரணும்? படிப்படியாக யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தரமணி_பெனிஃபிட்ஸ்:
முதலில் எச்ஆர் மேடத்துக்கான பதில். டிசெபிலிட்டி இன்சூரன்ஸ் பணத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதை க்ளெய்ம் முடிவு செய்வதில்லை, பிரீமியம்தான் முடிவு செய்கிறது. ஊழியர் வரி கட்டிய காசில் பிரீமியம் கட்டியிருந்தால் பென்ஃபிட்டுக்கு வரி இல்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டம் 104(ஏ)(3). கம்பெனி கட்டி, அந்தப் பிரீமியம் ஊழியரின் வருமானத்தில் சேராமல் போயிருந்தால் பென்ஃபிட் வரிக்குரியது, அது 105(ஏ). பிரீமியத்துக்கு வரி, அல்லது பென்ஃபிட்டுக்கு வரி. இரண்டில் ஒரு இடத்தில் அரசு வாங்கிக்கொள்ளும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் செய்தாலும், அது 125-வது பிரிவு கஃபடீரியா ப்ளான் (ஊழியர் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டம்) வழியாக வரிக்கு முன்பே பிடிக்கப்பட்டால், சட்டத்தின் கணக்கில் அது கம்பெனி கட்டிய பிரீமியம். "என் சம்பளத்திலிருந்துதானே போனது" என்று ஊழியர் சொல்வார். அந்த ரூட்டில் வரும் பென்ஃபிட் முழுக்க வரிக்குரியது.

இரண்டு பேரும் பகிர்ந்து கட்டும் க்ரூப் பாலிசியில் விகிதம் பார்க்க வேண்டும். காலண்டர் வருஷம் தொடங்கும்போது கணக்குத் தெரிந்திருக்கிற கடைசி மூன்று பாலிசி வருஷங்களை எடுங்கள். மொத்த நிகர பிரீமியத்தில் கம்பெனி பங்கு எத்தனை சதவீதமோ, பென்ஃபிட்டில் அத்தனை சதவீதம் வரிக்குரியது. உங்கள் கேஸில் 540-ஐ 900-ஆல் வகுத்தால் 60 சதவீதம். உதாரணமாக மூன்று வருஷ நிகர பிரீமியம் 30,000 டாலர், அதில் ஊழியர்கள் வரிக்குப் பின் கட்டியது 12,000 என்றால் 60/40 வரும். உங்கள் இன்வாய்ஸ்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள், இன்சூரன்ஸ்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அந்த சதவீதத்தைக் கொடுத்ததே கிளையன்ட்தான். பல வருஷம் முன்னால் கொடுத்த எண்ணே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பெருங்குடி_நைட்:
ஒரு சந்தேகம் சார். இந்த வருஷம் கம்பெனி 50/50-ஆக மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 60 தானா?

தரமணி_பெனிஃபிட்ஸ்:
ஆமாம், க்ரூப் பாலிசி என்றால் பின்னோக்கிய மூன்று வருஷ விகிதம்தான். மாற்றம் மெதுவாகத்தான் உள்ளே வரும். "நிகர" என்பதையும் கவனியுங்கள்: பாலிசி அனுபவத்தை வைத்துத் திரும்ப வந்த டிவிடெண்ட், கிரெடிட் எல்லாம் கழித்த பிறகு. பாலிசி புதுசு, மூன்று வருஷம் ஆகவில்லை என்றால் தெரிந்த வருஷங்களை வைத்துக் கணக்கிடலாம். ஒரு வருஷம்கூட இல்லையென்றால் முதல் பாலிசி வருஷத்துக்கு நியாயமான மதிப்பீடு போதும். இன்டிவிஜுவல் பாலிசிகளுக்கு இந்த மூன்று வருஷக் கணக்கு கிடையாது, நடப்புப் பாலிசி வருஷ பிரீமியம்தான்.

கிளையன்ட்டில் எக்ஸிக்யூட்டிவ்களுக்குத் தனிப் பங்கீடு, மற்றவர்களுக்குத் தனிப் பங்கீடு என்றால் இரண்டையும் கலந்து ஒரே சதவீதம் போடாதீர்கள். வகுப்பு வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

இன்னொன்று: எஸ்டிடியை இன்சூரன்ஸ் எடுக்காமல் கம்பெனியே கையிலிருந்து கொடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனி வெறுமனே க்ளெய்ம் பார்த்துச் செக் போடுகிற ஏற்பாடும் நிறைய உண்டு. ஊழியர் பங்கு ஏதும் இல்லையென்றால் அது நூற்றுக்கு நூறு சம்பளம் மாதிரியே வரிக்குரியது. அங்கே செக் போடுகிறவர் ஏஜென்ட் மட்டுமே. நோட்டீஸ் வந்ததும் ஒப்பந்தத்தைத் திறந்து, ரிஸ்க் யாருடையது என்று முதலில் பாருங்கள். கீழே வரும் எல்லா விதிகளும் அதைப் பொறுத்தே மாறும்.

கிண்டி_941:
941 பகுதியை நான் எழுதுகிறேன். சிறுசேரி கேட்ட அதே எண்களை வைத்தே பார்ப்போம்.

எட்டு வாரம் × 540 = 4,320 டாலர் வரிக்குரியது. எட்டு வாரம் × 360 = 2,880 வரியில்லாதது.

4,320-க்கு ஃபைகா (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) உண்டு. ஊழியர் பங்கு: சோஷியல் செக்யூரிட்டி 6.2% = 267.84, மெடிகேர் 1.45% = 62.64, மொத்தம் 330.48. இதை இன்சூரன்ஸ் கம்பெனி பிடித்து, நேரத்துக்கு டெபாசிட் செய்து, அந்த டெபாசிட் கெடுவுக்குள் கிளையன்ட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கம்பெனி பங்கான இன்னொரு 330.48-ம், வேலையின்மை வரியான ஃபூட்டாவும் கிளையன்ட் தலைக்கு வந்துவிடும். அந்த நோட்டீஸ்தான் உங்கள் கையில் இருப்பது. அதை மெயில்பாக்ஸில் போட்டு மறந்தால் டெபாசிட் தவறி அபராதம் விழும். நோட்டீஸ் வந்த நாளையே சம்பளம் கொடுத்த நாள் மாதிரி வைத்து, கிளையன்ட்டின் டெபாசிட் அட்டவணைப்படி கட்ட வேண்டும்.

941-ல்:
லைன் 2-ல் 4,320-ஐச் சேருங்கள்.
லைன் 5ஏ-யில் 4,320; 12.4% போட்டால் 535.68.
லைன் 5சி-யில் 4,320, 2.9% போட்டால் 125.28.
இரண்டும் சேர்ந்து 660.96. இதில் பாதியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே கட்டிவிட்டது. அதனால் லைன் 8-ல், சிக் பே (நோய் விடுப்புப் பணம்) சரிக்கட்டலுக்கான லைனில், மைனஸ் 330.48. கிளையன்ட் கட்ட வேண்டியது மிச்சம் 330.48.

லைன் 8-ஐ விட்டுவிட்டால் அந்த ஊழியரின் பங்கு இரண்டு முறை கட்டப்படும். லைன் 5-ல் சேர்க்காமல் லைன் 8-ல் மட்டும் கழித்தால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் வரும். இரண்டையும் ஒரே காலாண்டில் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி வருமான வரி பிடித்திருந்தால் அதை 941-ன் லைன் 3-ல் சேர்க்கவே கூடாது. அதை அவர்களே தங்கள் 941-ல் காட்டிவிடுவார்கள். ஆனால் ஊழியரின் டபிள்யூ-2 பாக்ஸ் 2-ல் அது வரும். டபிள்யூ-2 மொத்தத்துக்கும் 941 மொத்தத்துக்கும் நடுவே விழும் இந்த வித்தியாசத்தை டபிள்யூ-3-ன் (எல்லா டபிள்யூ-2-களின் மொத்தச் சுருக்கம்) பாக்ஸ் 14-ல் எழுதிக் காட்ட வேண்டும். ஆண்டு முடிவில் ரீகன்சிலியேஷன் இடிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பாக்ஸ் அது.

சிறுசேரி_ஷிஃப்ட்2:
அருமை சார். அப்போது இன்சூரன்ஸ் கம்பெனி வருமான வரி பிடித்தே ஆக வேண்டும் என்று இல்லையா? நோட்டீஸில் ஃபெடரல் வரி பூஜ்யம் என்று இருக்கிறது.

கிண்டி_941:
கட்டாயம் இல்லை. ரிஸ்க் ஏற்றிருக்கிற மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி, ஊழியர் டபிள்யூ-4எஸ் படிவம் கொடுத்தால்தான் வருமான வரி பிடிக்கும். அதில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை முழு டாலரில் எழுதித் தர வேண்டும்: குறைந்தது நாளுக்கு 4, வாரத்துக்கு 20, மாதத்துக்கு 88 டாலர். பிடித்த பிறகு கையில் 10 டாலருக்குக் கீழே போகக் கூடாது.

இந்தப் படிவம் இருப்பதே பெரும்பாலான ஊழியர்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு வரும் செக்கில் ஃபைகா மட்டும் போயிருக்கும். வரி பிடித்தாயிற்று என்று நினைத்துக்கொள்வார். அடுத்த ஏப்ரலில் மொத்தமாக வரி நிற்கும். கிளையன்ட் எச்ஆரிடம் சொல்லி, லீவு பேக்கெட்டிலேயே டபிள்யூ-4எஸ் வைக்கச் சொல்லுங்கள். வேலைக்கு வர முடியாதவரைக் கடனில் தள்ளாமல் காப்பாற்ற நம்மால் செய்ய முடிந்த மிகச் சுலபமான உதவி அது.

ஏஜென்ட்டாகச் செக் போடுகிற ஏற்பாடு என்றால் கதை வேறு. அங்கே வருமான வரிப் பிடித்தம் கட்டாயம். சப்ளிமெண்டல் வேஜ் (வழக்கமான சம்பளத்துக்கு வெளியே வரும் பணம்) வீதமான 22 சதவீதத்தில் பிடிக்கலாம்.

பெருங்குடி_நைட்:
எல்டிடிக்கும் இதே ஃபைகாதானா சார்? எங்கள் பக்கம் ஒரு கேஸ் மார்ச்சிலிருந்து ஓடுகிறது. அக்டோபர் நோட்டீஸில் ஃபைகா பூஜ்யம், ஆனால் வரிக்குரிய தொகை இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் தப்பு பண்ணிட்டாரா?

கிண்டி_941:
தப்பு இல்லை. ஊழியர் கடைசியாக வேலை செய்த மாதத்துக்கு அடுத்து வரும் ஆறு முழுக் காலண்டர் மாதங்கள் முடிந்த பிறகு கொடுக்கப்படும் பணத்துக்கு ஃபைகாவும் இல்லை, ஃபூட்டாவும் இல்லை. கடைசி வேலை நாள் மார்ச் 12 என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம். அக்டோபர் 1 முதல் வருகிற செக்குக்கு ஃபைகா கிடையாது. எந்த வாரத்துக்கான பணம் என்பது இங்கே கணக்கில்லை, எந்த நாளில் கொடுத்தார்கள் என்பதே கணக்கு. செப்டம்பருக்கான பென்ஃபிட் அக்டோபரில் வந்தாலும் ஃபைகா இல்லை.

வருமான வரி மட்டும் தொடரும். அதனால் டபிள்யூ-2-வில் பாக்ஸ் 1-ல் இருக்கும், பாக்ஸ் 3, 5-ல் இருக்காது. சாஃப்ட்வேர் வாலிடேஷன் இதைப் பிழை என்று காட்டும். அதைச் "சரி" செய்கிறேன் என்று 3, 5-ல் எண்ணைத் திணித்துவிடாதீர்கள்.

எல்டிடியில் காத்திருப்புக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். மார்ச் 13 முதல் எண்ணினால் 90 நாள் ஜூன் 10-ல் முடியும், அப்போது ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் 30 வரை ஃபைகா. 180 நாள் என்றால் செப்டம்பர் 8-ல் முடியும், முதல் செக்கே பெரும்பாலும் அக்டோபரில்தான் வரும். நடுவில் அந்த ஊழியர் ஒரு நாள் வந்து வேலை செய்தாலும் ஆறு மாதக் கடிகாரம் மறுபடி தொடங்கிவிடும். அரை நாள் வந்து லாகின் பண்ணிவிட்டுப் போனார் என்கிற தகவல் டைம்ஷீட்டில்தான் இருக்கும், இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாது. கடைசி வேலை நாள், அந்த வருஷம் அதுவரை கொடுத்த சம்பளம், வரிக்குரிய சதவீதம் மூன்றையும் க்ளெய்ம் தொடங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பு (2025-க்கு 176,100 டாலர், 2026-க்கு 184,500) தாண்டியவருக்கு 6.2 பிடிக்காமல் தடுப்பதும் அந்தத் தகவல்தான்.

ஓஎம்ஆர்_இயர்எண்ட்:
டபிள்யூ-2 கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதை நான் சொல்கிறேன்.

பொறுப்பு கம்பெனிக்கு மாறிவிட்ட நிலையில் டபிள்யூ-2 கொடுக்க வேண்டியதும் கம்பெனிதான். சம்பளத்தோடு சேர்த்து ஒன்றாகவும் கொடுக்கலாம், சிக் பேக்குத் தனியாகவும் கொடுக்கலாம். சிறுசேரி கேஸில் பாக்ஸ் 1, 3, 5-ல் 4,320 கூடும். பாக்ஸ் 4-ல் 267.84, பாக்ஸ் 6-ல் 62.64, பாக்ஸ் 12-ல் ஜே குறியோடு 2,880, பாக்ஸ் 13-ல் மூன்றாம் தரப்பு சிக் பே கட்டத்தில் டிக். ஜே என்பது வரியில்லாத சிக் பேக்கான குறி. அதை விட்டால் வரி மாறாது, ஆனால் ஊழியருக்குத் தன் கையில் வந்த 7,200-க்கும் டபிள்யூ-2-வுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று புரியாது. போன் உங்களுக்குத்தான் வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனி தன் பக்கத்திலிருந்து 8922 படிவத்தில் மொத்தத்தை ஐஆர்எஸ்ஸுக்குச் சொல்லும், பிப்ரவரி கடைசி நாளுக்குள். நீங்கள் டபிள்யூ-2-வில் சேர்க்காமல் விட்டது அங்கேதான் பிடிபடும்.

இப்போது முக்கியமான தேதி. முந்தைய வருஷம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்கிற ஆண்டு ஸ்டேட்மென்ட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஜனவரி 15-க்குள் கம்பெனிக்குத் தர வேண்டும். டபிள்யூ-2 கெடு ஜனவரி 31. நமக்கு ஜனவரி 15 என்றால் பொங்கல். பாதி டீம் ஊருக்கு பஸ் ஏறியிருக்கும், கிளையன்ட் பக்கத்தில் அந்த ஸ்டேட்மென்ட் யாரோ ஒருவர் இன்பாக்ஸில் தூங்கும். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே மூன்று வேலை முடித்து வைக்கவும்: அந்த வருஷம் சிக் பே வாங்கிய ஊழியர்களின் பட்டியலை லீவு கோடு வைத்து எடுங்கள், ஒவ்வொருவருக்கும் வந்த வார நோட்டீஸ்களைக் கூட்டி வையுங்கள், இன்சூரன்ஸ் போர்ட்டலில் ஸ்டேட்மென்ட் யார் மெயிலுக்குப் போகிறது என்று பார்த்து, டீமின் பொது மெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாட்டுப் பொங்கல் முடிந்து வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும். ஸ்டேட்மென்ட் தாமதமானால் 180 பேர் டபிள்யூ-2-வையும் நிறுத்த வேண்டாம். அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களை மட்டும் தனி பேட்ச்சில் வைத்து, மற்றதை அனுப்பிவிடுங்கள்.

வேளச்சேரி_கோடுசெட்டப்:
எல்லாரும் சொன்னது சரி. ஆனால் இந்தப் பிரச்சினைகளில் பெரும்பகுதி தொடங்குவது டிடக்‌ஷன் கோடு (சம்பளப் பிடித்தத்துக்கான குறியீடு) போடும் நாளில். புது கிளையன்ட் வரும்போது, ஏற்கெனவே இருக்கிற மெடிக்கல் கோடை காப்பி பண்ணி "எல்டிடி" என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். மெடிக்கல் கோடு 125-க்குக் கீழே வரிக்கு முன்பு பிடிப்பது. எல்டிடியும் அப்படியே ஓட ஆரம்பிக்கும். கிளையன்ட்டின் ப்ளான் டாக்குமென்ட்டில் "வரிக்குப் பின்" என்று அச்சடித்திருக்கும், ஊழியர்களும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு), மெடிக்கல் எதுவும் இல்லாத ஒரு ஊழியரின் பே ஸ்டப்பை எடுங்கள். மொத்தச் சம்பளம் 4,000, எல்டிடி பிடித்தம் 20. ஃபெடரல் வரிக்குரிய சம்பளம் 3,980 என்று இருந்தால் வரிக்கு முன்பு போகிறது. 4,000 என்று இருந்தால் வரிக்குப் பின். சோஷியல் செக்யூரிட்டி சம்பளத்தையும் தனியாகப் பாருங்கள், சில செட்டப்பில் ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் இருக்கும். புது கோடு போட்ட முதல் சம்பளத்திலேயே இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

பல வருஷம் கழித்து ஒருவர் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போன பிறகு இது தெரிய வந்தால் என்ன ஆகும்? 60 சதவீதம் சம்பளம் வரியில்லாமல் வரும் என்று கணக்குப் போட்டு வீடு நடத்துகிறவருக்கு, அந்த 60-லிருந்தும் வரி போகும். வேலை செய்ய முடியாத நாளில் இந்த அடி விழக் கூடாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெருங்குடி_நைட்:
எங்கள் கிளையன்ட் முழு பிரீமியமும் தானே கட்டுகிறது மேடம். அப்படி இருந்தும் பென்ஃபிட்டை வரியில்லாமல் ஆக்க வழி உண்டா?

வேளச்சேரி_கோடுசெட்டப்:
உண்டு. கம்பெனி கட்டும் பிரீமியத்தை ஊழியரின் வருமானத்தில் சேர்த்து வரி பிடித்துவிட்டால், அது ஊழியர் வரிக்குப் பின் கட்டியதற்குச் சமம். ஒவ்வொரு ஊழியரும் தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் விடலாம். ஐஆர்எஸ்ஸின் 2004-55 எண் ரூலிங் இதைத்தான் பேசுகிறது: ப்ளான் வருஷம் தொடங்கும் முன்பே தேர்வு செய்ய வேண்டும், அந்த வருஷத்துக்குள் அதை மாற்றக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த வருஷம் இயலாமைக்கு ஆளானவருக்கு மூன்று வருஷப் பின்னோக்குக் கணக்கு கிடையாது, அவருடைய பென்ஃபிட் முழுக்க வரியில்லாதது. நோய் வந்த பிறகு "நான் மாற்றிக்கொள்கிறேன்" என்று வந்தால் செல்லாது.

எண்ணில் பாருங்கள். மாதச் சம்பளம் 8,000. கவரேஜ் சம்பளம் 100 டாலருக்கு மாதம் 50 சென்ட் ரேட் என்று வைத்தால் பிரீமியம் மாதம் 40, வருஷம் 480. இதை வருமானத்தில் சேர்த்தால் 22 சதவீத வரி, 7.65 ஃபைகா சேர்த்து ஊழியருக்கு வருஷத்துக்கு 142.32 டாலர். கம்பெனிக்குத் தன் பங்கு ஃபைகா 36.72. மறுபக்கம் எல்டிடி 60 சதவீதம் என்றால் மாதம் 4,800, வருஷம் 57,600. அது வரிக்குரியதானால், கழிவுகளைப் பார்க்காமல் வெறும் 12 சதவீதம் போட்டாலே 6,912.

சம்பளம் குறைந்தவருக்கு அந்த 142-ம் கனம்தான், அதை மறைக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி அவரே முடிவு செய்யட்டும். பேரோலில் இதற்கு இம்ப்யூட்டட் இன்கம் வகைக் கோடு வேண்டும்: பாக்ஸ் 1, 3, 5 மூன்றிலும் சேரும், நிகரச் சம்பளத்தில் பணமாகப் போகாது. புதிதாகச் சேருகிறவருக்கு கவரேஜ் தொடங்கும் முன்பே தேர்வுப் படிவம் வாங்கியிருக்க வேண்டும்.

நுங்கம்பாக்கம்_1040:
ஊழியர் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் கேள்வி கடைசியில் பேரோல் ஹெல்ப்டெஸ்க்குக்கே வந்து சேர்கிறது. எல்டிடி ஓடிக்கொண்டிருக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி டிசெபிலிட்டி, அதாவது எஸ்எஸ்டிஐ, அனுமதியானால் எல்டிடி கம்பெனி அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். பின்தேதியிட்டு 18 மாதத்துக்கு மாதம் 2,000 வீதம் 36,000 வந்தால், அதுவரை அதிகமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்.

இதே வருஷம் வாங்கி இதே வருஷம் திருப்பினால் டபிள்யூ-2-வில் பாக்ஸ் 1-ஐக் குறைத்துக்கொள்ளலாம். முந்தைய வருஷம் வாங்கியதை இந்த வருஷம் திருப்பினால் பழைய டபிள்யூ-2-வின் பாக்ஸ் 1-ஐத் திருத்த முடியாது. திருப்பிய தொகை 3,000 டாலருக்கு மேல் என்றால் ஊழியர் தன் ரிட்டர்னில் 1341-வது பிரிவின் கீழ்க் கழிவாகவோ கிரெடிட்டாகவோ கேட்கலாம், எது லாபமோ அது. ஃபைகா பிடித்த மாதங்களுக்கான பாக்ஸ் 3 முதல் 6 வரை மட்டும் டபிள்யூ-2சி போட்டுத் திருத்தலாம்.

எஸ்எஸ்டிஐ மொத்தத் தொகைக்கு வேறு வழி. எஸ்எஸ்ஏ-1099-ல் (சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தரும் ஆண்டு அறிக்கை) எந்த வருஷத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். பழைய வருஷப் பங்கை அந்தந்த வருஷ வருமானத்தோடு வைத்துக் கணக்கிட்டு, குறைவாக வந்தால் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய ரிட்டர்னைத் திருத்த வேண்டியதில்லை. பாதி எஸ்எஸ்டிஐயும் மற்ற வருமானமும் சேர்ந்து தனிநபருக்கு 25,000, தம்பதிக்கு 32,000 தாண்டும்போதுதான் வரி தொடங்கும். அதிகபட்சம் 85 சதவீதம் வரிக்குரியதாகும்.

சிக்கலான கேஸ் ஒன்று: எல்டிடி வரியில்லாததாக இருந்து, அதன் இடத்தில் எஸ்எஸ்டிஐ வந்தால், கையில் வரும் மொத்தம் அதேதான், ஆனால் ஒரு பகுதிக்குப் புதிதாக வரி வரும். திருப்பிக் கொடுத்த எல்டிடிக்கு வரிக் கழிவும் கிடையாது, முதலிலேயே வரி கட்டாத பணம் அது. இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தொழிலில் நேர்ந்த காயத்துக்கு வொர்க்கர்ஸ் காம்பென்சேஷன் வந்தால் அதற்கு வரி இல்லை, 104(ஏ)(1). அதை எஸ்டிடி நோட்டீஸோடு குழப்பி டபிள்யூ-2-வில் ஏற்றிவிடாதீர்கள்.

ஓஎம்ஆர்_இயர்எண்ட்:
மாநிலம் பற்றியும் இரண்டு வார்த்தை. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, அதனால் சிறுசேரி தப்பித்தார். கலிஃபோர்னியா எஸ்டிஐ (மாநில இயலாமைக் காப்பீடு) பென்ஃபிட்டுக்கு, வேலையின்மைப் படிக்குப் பதிலாக வந்தால் தவிர, ஃபெடரல் வரி இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அங்கே பிடித்தத்துக்குச் சம்பள உச்சவரம்பும் இல்லை. நியூயார்க்கில் மாநில இயலாமைக் காப்பீட்டுக்கு ஊழியரிடம் வாரம் 60 சென்ட்டுக்கு மேல் பிடிக்க முடியாது, பாக்கியைக் கம்பெனி கட்டுகிறது. அதனால் வாரம் 170 டாலர் வரையான அந்தச் சட்டப்படியான பென்ஃபிட்டில் ஒரு பங்கு வரிக்குரியது. மாநில மருத்துவ விடுப்புத் திட்டங்களில் கம்பெனி பங்கிலிருந்து வரும் பென்ஃபிட் வரிக்குரியது என்று 2025-4 எண் ரூலிங்கில் ஐஆர்எஸ் சொல்லிவிட்டது. மல்டி ஸ்டேட் கிளையன்ட் வைத்திருப்பவர்கள் அதை முழுசாகப் படிக்க வேண்டும்.

அடையாறு_ஸ்மால்பிஸ்:
முதலாளியே பாலிசி எடுத்தால்? எங்கள் கிளையன்ட் எஸ் கார்ப்பரேஷன் (லாபம் நேராகப் பங்குதாரர்களின் வரிக் கணக்கில் போகும் கம்பெனி), இரண்டு பார்ட்னர் மாதிரி ஓனர்கள்.

தரமணி_பெனிஃபிட்ஸ்:
எஸ் கார்ப்பில் 2 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவருக்கு ஊழியர் சலுகை கிடையாது. கம்பெனி கட்டும் பிரீமியம் அவர் டபிள்யூ-2 வருமானத்தில் சேரும், அதனால் பென்ஃபிட் வரியில்லாதது. தனி உரிமையாளர் தன் டிசெபிலிட்டி பிரீமியத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. பென்ஃபிட்டுக்கு வரியும் இல்லை.

ஊழியர்களுக்காகக் கட்டும் பிரீமியம் கம்பெனிக்கு வழக்கமான வியாபாரச் செலவு. ஆனால் முக்கிய ஊழியர் ஒருவர் மீது பாலிசி எடுத்து, பணம் கம்பெனிக்கே வரும்படி வைத்தால் பிரீமியம் கழிவு இல்லை, வரும் பணத்துக்கு வரியும் இல்லை. அலுவலக வாடகை, சம்பளம் மாதிரியான செலவை ஈடுகட்டும் ஓவர்ஹெட் பாலிசி நேர் எதிர்: பிரீமியம் கழியும், வரும் பணம் வருமானம். புத்தகத்தில் மூன்றுக்கும் ஒரே "இன்சூரன்ஸ்" லெட்ஜர் போட்டால் வருஷக் கடைசியில் பிரிக்க முடியாது.

அம்பத்தூர்_எச்ஆர்:
இழைக்கு வெளியே ஒன்று கேட்கலாமா? இங்கே நம் தொழிற்சாலை ஊழியர்களுக்கு என்ன நிலை?

நுங்கம்பாக்கம்_1040:
சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாக வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) ஈஎஸ்ஐ. ஊழியர் 0.75, முதலாளி 3.25 சதவீதம். வேலையில் காயப்பட்டுத் தற்காலிகமாக இயலாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம். முதலாளி கவனிக்க வேண்டியது: 1961 வருமான வரிச் சட்டப்படி, ஊழியரிடம் பிடித்த 0.75-ஐ அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டாவிட்டால் அந்தத் தொகை வருமான வரியில் செலவாகக் கழியாது. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. முதலாளியின் 3.25 மட்டும் ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் போதும். ஊழியர் தானே எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டு பிரீமியம் 80டி கழிவில் வராது. 80யூ கழிவு 75,000, கடுமையான இயலாமைக்கு 1,25,000; பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். இதெல்லாம் 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு.

சிறுசேரி_ஷிஃப்ட்2:
எல்லாருக்கும் நன்றி. எச்ஆர் மேடத்துக்கு மெயில் போட்டாச்சு. மூன்று வருஷ இன்வாய்ஸ் கேட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்து 60-க்குப் பதில் வேறு சதவீதம் வந்தால், ஏற்கெனவே கொடுத்த எட்டு வாரத்தை என்ன செய்வது?

கிண்டி_941:
முதலில் சரியான சதவீதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, திருத்திய நோட்டீஸ் வாங்குங்கள். அவர்கள் கட்டிய ஊழியர் பங்கை அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். காலாண்டு முடியவில்லை என்றால் திருத்திய எண்ணையே 941-ல் போடலாம். 941 போய்விட்டது என்றால் 941-எக்ஸ் (திருத்தப் படிவம்), அந்தக் காலாண்டுக்கு மட்டும். டபிள்யூ-2 போய்விட்டிருந்தால் டபிள்யூ-2சி-யில் பாக்ஸ் 1, 3 முதல் 6, பாக்ஸ் 12 ஜே எல்லாம் சேர்ந்து மாறும். ஜே-யை மறக்காதீர்கள்: வரிக்குரியது எவ்வளவு கூடுகிறதோ, ஜே அவ்வளவு குறைய வேண்டும், இரண்டும் சேர்ந்து 7,200 வர வேண்டும். அதே சதவீதத்தில் அந்த வருஷம் வேறு யாராவது எஸ்டிடி வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அவர்கள் கணக்கிலும் இதே பிழை இருக்கும்.